கடல்நாய்க் கரையில் ஆட்டுக் குரல்

மனிதர் பேச்சு விலங்குக்கும், விலங்கின் பேச்சு மனிதருக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் கமிரோஸ் என்று ஒருத்தி இருந்தாள். அந்தக் கரையில் பாலைவனம் நேரே கடலுக்குள் போய் இறங்குகிறது. ஒரு பக்கம் மணல்மேடு, மறுபக்கம் எலும்பு வரைக்கும் குளிரும் கடல். காலையில் இரண்டையும் மூடுபனி மூடிக்கொள்ளும். மழையை எண்ணி எண்ணித்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட பூமியிலும் அவளுடைய ஆட்கள் ஆடு மேய்த்துப் பிழைத்தார்கள். கமிரோஸ் பிறந்தது, நடை பழகியது, கல்யாணம் கட்டிக்கொண்டது எல்லாம் ஆட்டுப்பட்டியில்தான். ஆட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. ஆட்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. வினை அங்கேதான் வந்தது.

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அடுத்த வருஷமும் ஏமாற்றியது. அவள் புருஷன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு புல் தேடிக் கிழக்கே போனான். போனவன் போனவன்தான், இரண்டு மாசமாகத் தகவல் இல்லை. பட்டியில் மிஞ்சியது மூன்று கிழட்டு ஆடுகள். மூன்றும் மடி வற்றியவை. கமிரோஸின் மார்பும் வற்றிவிட்டது. அவளுக்கு ஆறு மாசத்தில் ஒரு பெண் குழந்தை, நானுஸ் என்று பெயர். முதலில் பசியில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பிறகு முனகியது. ஒருநாள் காலையில் முனகலும் நின்று, வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. பெற்றவள் அதைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பாள், சொல்லுங்கள்!

அவள் நாத்தனார் அனிஸ் வந்து குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். அனிஸ் கொஞ்சம் ஊர் சுற்றியவள். கடலோரம் போய்ச் சிப்பி பொறுக்கி வருகிறவள்.

"அண்ணி, இனிமே இங்க உட்கார்ந்து பிரயோசனம் இல்ல. கடல்நாய்ங்க இருக்கிற கரைக்குத் தூக்கிட்டுப் போங்க. இப்ப அதுங்க குட்டி போட்டிருக்கிற பருவம். கேட்டா பால் குடுக்கும்."

"போடி! எந்த ஆடாவது அடுத்த ஆட்டுக் குட்டிக்கு மடி குடுத்து நீ பார்த்திருக்கியா? மோந்து பார்த்துட்டு முட்டித் தள்ளிடும்."

"அதுங்க ஆடு இல்ல அண்ணி. அங்க யார் குட்டி, எவ பெத்ததுன்னெல்லாம் பார்க்கிறதில்ல. வாயைத் திறந்தா பால்தான். நான் கண்ணால பார்த்திருக்கேன்."

"மடின்னு ஒண்ணு இருந்துட்டா எல்லாம் ஒரே புத்திதான்டி."

அனிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. போனதும் ஓரமா உட்காருங்க. கடலுக்கும் அதுங்களுக்கும் நடுவுல நிக்காதீங்க, பயந்துடும். உட்கார்ந்து, வாயைத் திறந்து கேளுங்க. கேட்டா போதும்."

கமிரோஸ் தலையை ஆட்டினாள். ஆட்டுத்தோல் போர்வையில் குழந்தையை முதுகோடு கட்டிக்கொண்டாள். ஒரு நெருப்புக்கோழி முட்டை ஓட்டில் தண்ணீர் அடைத்துக்கொண்டாள். இடுப்பில், ஆடு உரிக்கிற கத்தியையும் செருகிக்கொண்டாள். அதை ஏன் எடுத்தாள் என்று அப்போது கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது.

வறண்ட ஆற்றுப்படுகையிலேயே ஒரு பகல் முழுக்க நடந்தாள். மறுநாள் மூடுபனி விலகுகிற நேரத்தில் கடல்நாய்க் கரைக்கு வந்து சேர்ந்தாள். பாறை ஒன்றின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். ஆத்தாடி, எத்தனை! கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கடல்நாய்கள். கொழுத்த தாய்கள், அவற்றின் காலடியில் கரிக்கட்டை நிறத்தில் குட்டிகள். இத்தனை உயிர் கூடியிருந்தும் கரையில் சத்தமே இல்லை. அலை அடிக்கிற சத்தமும், குட்டிகள் சப்புக்கொட்டிக் குடிக்கிற சத்தமும்தான். எந்தத் தாயும் எந்தக் குட்டியையும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அவசியம் அங்கே இருந்ததில்லை. கடலுக்குப் போன தாய் மூன்று நாள், நாலு நாள் கழித்துத்தான் வரும். அதுவரை அதன் குட்டியைப் பக்கத்தில் இருப்பவள் பார்த்துக்கொள்வாள். வந்தவளும் கண்ணில் பட்ட குட்டிக்கு மடியைக் கொடுப்பாள். ஒருத்திக்கும் பெயர்கூட இல்லை.

இதையெல்லாம் அனிஸ் சொல்லித்தான் அனுப்பினாள். ஆனால் கமிரோஸ் நம்பினால்தானே? அவள் ஓரமாக உட்காரவில்லை, வாயைத் திறந்து கேட்கவுமில்லை. கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் என் குழந்தை செத்துப்போகுமே என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. பாறைக்குப் பின்னாலேயே நின்று, பட்டியைப் பார்க்கிற கண்ணால் அந்தக் கரையைப் பார்த்தாள்.

கூட்டத்தை விட்டு ஒதுங்கி, பாறைக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து உச்சிப்பொழுது வரை அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். எந்தத் தாயும் அதன் பக்கம் வரவில்லை. விடியற்காலையிலேயே அது மூன்று பேரிடம் மாறி மாறிக் குடித்துவிட்டு, வயிறு முட்டத் தூங்குகிறது என்பது அவளுக்கு எங்கே தெரியும்? பட்டியில் அரைப்பகல் தாய் வராமல் ஒரு குட்டி கிடந்தால் அதற்குத் தாய் இல்லை என்று அர்த்தம். எப்படியும் சாகப்போகிற குட்டி என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

ஆடு மேய்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஆட்டின் குட்டி செத்து, வேறொரு ஆடு செத்து அதன் குட்டி தாயில்லாமல் நின்றால், செத்த குட்டியின் தோலை உரித்து உயிரோடு இருக்கிற குட்டியின் மேல் கட்டிவிடுவார்கள். தாய் ஆடு மோந்து பார்க்கும். தன் குட்டி வாசம் அடிக்கும். மடியைக் கொடுத்துவிடும். கமிரோஸ் இதைச் சின்ன வயசிலிருந்து செய்து கை பழகியவள்.

"என்னை மன்னிச்சிடு கண்ணு," என்று அந்தக் குட்டியின் காதில் சொன்னாள். கத்தி ஒரே இழுப்பு. அது கண்ணைத் திறக்கக்கூட இல்லை.

தோலை உரித்து, அலைத் தண்ணீரில் அலசி, குழந்தையின் மேல் சுற்றி, அந்தக் குட்டியின் நரம்பாலேயே முடிச்சுப் போட்டாள். உடம்பை மணலில் புதைத்தாள். தவழ்ந்து போய், கூட்டத்தின் ஓரத்தில் குழந்தையைக் கிடத்திவிட்டுப் பாறைக்குப் பின்னால் ஓடிவந்து ஒளிந்துகொண்டாள். சற்று நேரத்தில் பருத்த கடல்நாய் ஒன்று அசைந்து அசைந்து வந்து குழந்தையின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தது. மோந்து பார்க்கவே இல்லை. கமிரோஸ் அதைக் கவனித்தாளா? இல்லை. குழந்தையின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பலிச்சுது, என் தங்கம் பொழைச்சுது," என்று மணலை முத்தமிட்டாள். தான் செய்த தந்திரம்தான் பலித்தது என்று நினைத்தாள், பாவி.

மூன்று நாள் இப்படிப் போயிற்று. கெட்டியான, மீன் வாடை அடிக்கிற பால். குழந்தைக்குக் கன்னம் வந்தது, குரல் வந்தது. நாலாம் நாள் காலையில் கடலிலிருந்து ஒரு தாய் ஏறி வந்தாள். அவள் இடது துடுப்பில் சுறா கடித்த பழைய வடு இருந்தது. மடி பால் கட்டிக் கனத்துத் தொங்கியது. ஓரத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்த குட்டியைப் பார்த்தாள், பக்கத்தில் சாய்ந்தாள், பாலைக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று தலையைத் தூக்கினாள்.

தேடிப் பார்க்கிற பழக்கம் அந்தக் கரையில் இல்லைதான். அதற்காகப் பெற்றவளுக்குத் தன் வயிற்றில் கிடந்த வாசம் தெரியாமல் போகுமா? மூக்கைத் தோலின் மேல் வைத்தாள். முதுகு, கழுத்து, பிறகு முடிச்சு. முடிச்சுக்குக் கீழே மயிர் இல்லாத ஒரு சின்னக் கை. அவள் வாய் குழந்தையின் கழுத்துக்குப் பக்கத்தில் திறந்தது.

"ஐயோ வேண்டாம்!" கமிரோஸ் பாறைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து மணலில் விழுந்தாள். "என்னைக் கடிங்க! அது பச்சைக் குழந்தை, அதை விட்டுடுங்க!"

வடு உள்ளவள் அவளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். குழந்தை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. அதை அவள் தள்ளவில்லை.

"இந்தத் தோல் உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

கமிரோஸ் எல்லாவற்றையும் சொன்னாள். மழை ஏமாற்றியதைச் சொன்னாள், வற்றிய மார்பைச் சொன்னாள். உச்சிப்பொழுது வரை தாய் வராததைச் சொன்னாள். கத்தியையும் சொன்னாள்.

"எங்க வெச்சிருக்கே?"

அவள் கையாலேயே மணலைத் தோண்டிக் காட்டினாள். வடு உள்ளவள் அந்தச் சிவந்த சின்ன உடம்பை மூக்கால் புரட்டினாள். மறுபடி புரட்டினாள். எழுந்திருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. மற்றத் தாய்கள் ஒவ்வொருத்தியாக வந்து சுற்றி நின்றார்கள்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றாள் வடு உள்ளவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இங்க நிக்கிற யார்கிட்ட வேணும்னாலும் கேட்டிருக்கலாமே. இவ்வளவு பால் இருக்கே."

"குடுப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. எங்க ஊர்ல எந்த மடியும் அப்படிக் குடுக்காது."

"உங்க ஊர்ல எப்படி?"

"தாய் கூப்பிடும். குட்டி பதில் குரல் குடுக்கும். கிட்ட வந்ததும் தாய் மோந்து பார்க்கும். தன்னோடதுன்னா பால் குடுக்கும். இல்லேன்னா முட்டித் தள்ளும்."

"எப்படிக் கூப்பிடும்? கூப்பிட்டுக் காட்டு."

கமிரோஸ், பட்டியில் எத்தனையோ முறை கூப்பிட்டதுபோல, தாய் ஆட்டின் குரலில் கூப்பிட்டாள். குட்டியின் குரலில் தானே பதிலும் சொன்னாள். கரை முழுக்க இருந்த தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

வடு உள்ளவள் கழுத்தை நீட்டி அதே குரலை எடுத்தாள். முதல் தடவை சரியாக வரவில்லை, தொண்டை கரகரத்தது. இரண்டாம் தடவை வந்துவிட்டது. மணலில் கிடந்த உடம்பின் பக்கம் திரும்பி, அந்தக் குரலில் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டுக் காதைச் சாய்த்துக் காத்திருந்தாள். பதில் எங்கிருந்து வரும்? மறுபடியும் கூப்பிட்டாள். அந்தக் கரையில் ஒரு தாய் தன் பிள்ளையைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கமிரோஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

பிறகு வடு உள்ளவள் தன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "தோலைப் போர்த்திக்கிட்டு யார் வேணும்னாலும் இனிமே வரலாம். நாம கடலுக்குப் போன நேரத்துல நம்ம குட்டியை யார் வேணும்னாலும் உரிக்கலாம். இன்னியிலேருந்து ஒவ்வொருத்தியும் தன் குட்டியைக் கூப்பிடணும். பதில் வந்தாலும் மோந்து பார்க்கணும். தன்னோடது இல்லேன்னா தள்ளிடணும். இந்த வாயால இனிமே வேற பேச்சு வேண்டாம். பேசி என்ன ஆச்சு? பேசத் தெரிஞ்ச ஒருத்திதான் பேசாம வந்து அறுத்துட்டுப் போனா."

கமிரோஸ் பதறிப்போனாள். "அப்படிச் சொல்லாதீங்க! அது ஆட்டு வழக்கம், உங்களுக்கு வேண்டாம். கடலுக்குப் போன தாய் திரும்பி வரலேன்னா அந்தக் குட்டி என்ன ஆகும்? யார் பால் குடுப்பாங்க? எங்க பட்டியில அப்படி எத்தனை குட்டி செத்திருக்கு தெரியுமா?"

வடு உள்ளவள் அவளைப் பார்த்து வாயைத் திறந்தாள். வந்தது ஆட்டுக் குரல்தான். சுற்றி நின்ற தாய்களும் ஒவ்வொருத்தியாகக் கூப்பிடத் தொடங்கினார்கள். குட்டிகள் முதலில் திருதிருவென்று விழித்தன. பிறகு ஒன்று பதில் சொல்லியது, அப்புறம் இன்னொன்று. பொழுது சாய்வதற்குள் அந்தக் கரை ஒரே இரைச்சலாகிவிட்டது. கமிரோஸ் எத்தனை கெஞ்சியும் ஒரு வார்த்தை திரும்பி வரவில்லை.

அப்போதே அவள் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஊரில் என்ன இருக்கிறது? வற்றிய மூன்று ஆடுகள்தானே. வடு உள்ளவளின் மடியோ இன்னும் கனத்துக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் அவள் கூப்பிட்டபோது, தோலுக்குள் கிடந்த நானுஸ் பசியில் குரல் கொடுத்தது. அவள் வந்து மோந்து பார்த்தாள். தன் குட்டியின் வாசம் அடித்தது. படுத்து மடியைக் கொடுத்தாள். தெரிந்தே கொடுத்தாளா, மூக்கு சொன்னதைக் கேட்டுக் கொடுத்தாளா, அது எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்கிற நிலையில் அவளும் இல்லை. முன்னே தேவையே இல்லாமல் செய்த தந்திரம் இப்போது உண்மையாகவே பலிக்கத் தொடங்கியது. அவள் கடலுக்குப் போவாள், வருவாள், கொடுப்பாள். கமிரோஸ் சிப்பி பொறுக்கித் தின்று, பாறையில் வழிந்த பனித்தண்ணீரைக் குடித்துக் காலம் தள்ளினாள். இப்படியே பல நாள் ஓடியது. நானுஸ் தவழத் தொடங்கிவிட்டது.

ஒருநாள், கடலுக்குப் போன தாய்களில் ஒருத்தி வரவில்லை. அவள் குட்டி தண்ணீரோரம் போய்க் கத்தியது. மூன்றாம் நாள் கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொரு தாயிடமாகப் போயிற்று. முதல் தாய் மோந்து பார்த்துத் தள்ளினாள். அடுத்தவள் கடித்து உதறினாள். குட்டி எழுந்து, இன்னொருத்தியிடம் போயிற்று. இத்தனை மடிகள் பாலோடு கிடக்கிற கரையில், ஒரு சொட்டுக்கு அது படாத பாடு பட்டது. கடைசியில் வடு உள்ளவளிடம் வந்தது. அவள் மோந்து பார்த்தாள். அவளும் தள்ளிவிட்டாள்.

"அக்கா, அதுக்கும் ஒரு வாய் குடு. உன்கிட்ட இருக்கே," என்று கமிரோஸ் அவள் முன்னால் முழந்தாளிட்டுக் கும்பிட்டாள். வடு உள்ளவள் தலையைத் திருப்பிக்கொண்டு நானுஸைக் கூப்பிட்டாள்.

கமிரோஸுக்கு அப்போது ஒன்று புரிந்தது. அந்தத் தோலை அவிழ்த்து இந்தக் குட்டியின் மேல் கட்டினால் இது பிழைக்கும். அவள் கை நானுஸின் முதுகில் இருந்த முடிச்சுக்குப் போயிற்று. நரம்பு மணலும் உப்பும் ஏறி இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினாள். முடிச்சு இளகியது. தோல் ஒரு பக்கம் நழுவியதும் வடு உள்ளவள் நானுஸை மோந்து பார்த்துவிட்டு உறுமினாள்.

அவள் கை அப்படியே நின்றது. ஒரு தோல்தான் இருந்தது. வாய் இரண்டு இருந்தன.

கமிரோஸ் முடிச்சை மறுபடியும் இறுக்கிக் கட்டினாள். முன்னைவிட இறுக்கமாகக் கட்டினாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். உங்களால் முடிந்தால் நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்தக் குட்டி அவளிடம்தான் வந்தது. மற்ற எல்லோரும் கடித்தார்கள், இவள் ஒருத்திதான் கடிக்கவில்லை. அதனால் வந்து அவள் வற்றிய மார்பில் மூக்கை வைத்துத் தேடியது. அவள் அதை மடியில் போட்டு ஆட்டுத்தோல் போர்வையால் மூடிக்கொண்டாள். இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் காலையில், அவள் கையை வாயில் வைத்துக்கொண்டே செத்துப்போயிற்று. பக்கத்தில் நானுஸ் வயிறு நிறைந்து சிரித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு சில நாளில் கிழக்கே இடி இடித்தது. அவள் புருஷன் ஆடுகளோடு திரும்பி வந்துவிட்டான் என்று அனிஸ் ஓடிவந்து சொன்னாள். அண்ணியின் மடியில் கொழுகொழுவென்று இருந்த குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி? கேட்டா குடுப்பாங்கன்னு சொன்னேன்ல?" என்றவள், கரையைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். "இதென்ன, இதுங்க எல்லாம் ஆடு மாதிரி கத்துதுங்க?"

கமிரோஸ் நானுஸை வாங்கி அதன் மேலிருந்த தோலை அவிழ்த்தாள். தான் உரித்த குட்டியைத் திரும்பப் புதைத்திருந்த இடத்தில் மணலைப் பறித்துத் தோலை அதற்கே திருப்பிப் போர்த்தினாள். தன் ஆட்டுத்தோல் போர்வையையும் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, குளிர்காற்றில் வெற்று முதுகோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் ஒரு தாய் கூப்பிடுகிற குரல் கேட்டது. வடு உள்ளவள்தான். கடலிலிருந்து வந்து, காலியான அந்த ஓரத்தில் நின்று கூப்பிட்டாள். தோளில் இருந்த நானுஸ் அந்தக் குரலுக்குப் பதில் குரல் கொடுத்தது. கமிரோஸ் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

அந்த நாளில் தொடங்கியதுதான் இதெல்லாம். இன்றைக்கும் அந்தக் கரைக்குப் போகிறவர்கள் தோலாடையை மணல்மேட்டில் கழற்றி வைத்துவிட்டு, தூரத்தில் உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள். கடல்நாய்கள் ஆட்டுக் குரலில் கத்துவதும், தாய் குட்டியின் மூக்கை மோந்து பார்த்த பிறகே பால் கொடுப்பதும், ஆயிரம் மடி நிறைந்த கரையில் தாய் திரும்பாத குட்டி கூப்பிட்டுக் கூப்பிட்டே பசியில் சாவதும் அன்றிலிருந்துதான்.